ரம்ப ஈயா, குண்டு வண்டா?

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மேகங்கள் மலையை விட்டு இறங்கி வந்து மனிதர்களோடு உட்கார்ந்து வெயில் காய்ந்த காலத்திலே, மஞ்சுப்பாடி என்று ஒரு மலை ராஜ்ஜியம் இருந்தது. அந்த ராஜ்ஜியத்தில் மரம் அறுக்கிற ஜோடி ஒன்று இருந்தது. அவள் பெயர் தும்பை. அவன் பெயர் கோங்கன். கல்யாணம் முடிந்து இன்னும் தலைப்பொங்கல்கூட வரவில்லை.

மரம் அறுப்பது எப்படி என்று தெரியுமா உங்களுக்கு? தெரிந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி. குழிக்கு மேலே குறுக்காக அடிமரம். ஒருவர் மரத்தின் மேலே நிற்க வேண்டும், ஒருவர் குழிக்குள்ளே நிற்க வேண்டும். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு ரம்பம், இரண்டு முனையிலும் பிடி. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தால் ரம்பம் அசையாது. இரண்டு பேரும் சேர்ந்து விட்டால் ரம்பம் நெளிந்து மடங்கிவிடும்.

தும்பை மேலே, கோங்கன் கீழே. அவள் இழுக்க அவன் விட, அவன் இழுக்க அவள் விட, சர்ர்க்... சர்ர்க்... என்று பலகை பலகையாக மரம் பிரியும். நூல் பிடித்த மாதிரி நேரான பலகை! கோங்கன் கை அப்படிப்பட்ட கை.

ஆனால் கோங்கனுக்கு ஒரு பழக்கம். தும்பை இழுக்கும்போது குழிக்குள்ளிருந்து "ம்ம்ம்ம்" என்று ராகம் பாடுவான். தன் முறை வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கப்சிப்பென்று இழுப்பான். மறுபடி அவள் இழுத்தால் மறுபடி "ம்ம்ம்ம்". ராகமாவது உருப்படியான ராகமா என்றால் அதுவும் இல்லை. அந்தப் பக்கம் மேய்கிற கழுதைகளே காதை மடக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மஞ்சுப்பாடியில் ரம்பம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ரம்பத்தை வைக்கும் முன்னால் மரத்தை மூன்று தட்டுத் தட்ட வேண்டும். தட்டிவிட்டுக் குரல் கொடுக்க வேண்டும்: "யாரய்யா உள்ளே? எழுந்து வாங்க வெளியே! ரம்பம் வருது, ரம்பம்!" பொந்துக்குள் அணில் இருக்கலாம், ஆந்தை இருக்கலாம், வேறு யாராவதும் இருக்கலாம். சொல்லாமல் அறுத்தால் பாவம் இல்லையா?

ஒரு நாள் ராஜாவின் சேவகன் குதிரையில் பறந்து வந்தான். "இளவரசிக்கு நாளைக் காலையில் கல்யாணம்! மாப்பிள்ளையும் பொண்ணும் ஆட ஊஞ்சல் பலகை வேணும். சாயங்காலத்துக்குள்ள வந்து சேரணும்!" என்று கத்திவிட்டு வந்த வேகத்திலேயே போய்விட்டான்.

அன்று குழி மேலே கிடந்தது ஒரு கிழட்டு வேங்கை மரம். காற்றில் தானே சாய்ந்தது. யானை கட்டி இழுத்து வந்து போட்டிருந்தார்கள். அடிப்பக்கத்தில் பெரிய பொந்து, நுனிப்பக்கத்தில் ஊஞ்சலுக்கு ஏற்ற உறுதியான கட்டை. தும்பை ஒரே தாவில் மேலே ஏறினாள். கோங்கன் குழிக்குள் இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, "ம்ம்ம்ம்" என்று ஆரம்பித்தான்.

தும்பைக்கு அவசரம். அவசரத்தில் கோபம். "மச்சான்! இன்னிக்கு ஒரு நாளாவது வாயை மூடு. எனக்கு உன் கை மட்டும் போதும். அந்த ரீங்காரத்தை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டிட்டு வா!"

கோங்கன் ஒரு நிமிஷம் அவளை அண்ணாந்து பார்த்தான். "சரி புள்ளே" என்றான். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"தட்ட வேணாமா?" என்று மட்டும் கேட்டான்.

"யானை இழுத்துட்டு வந்தப்பவே உள்ளே இருந்தது எல்லாம் ஓடியிருக்கும். ரம்பத்தை வை!"

பொந்து உள்ள அடிப்பக்கத்தை முதலில் கழித்துவிடலாம் என்று ரம்பத்தை வைத்தார்கள். அவள் இழுக்க அவன் விட, அவன் இழுக்க அவள் விட, சர்ர்க்... சர்ர்க்... தும்பை ஒரு முறை வேகமாக இழுத்தாள் பாருங்கள், அப்போது மரத்துக்குள்ளேயிருந்து ஒரு அலறல்.

"ஐயோ! என் தாடி! என் தாடி போச்சே!"

பொந்துக்குள்ளிருந்து ஒரு குள்ளன் உருண்டு வந்து விழுந்தான். ஒரு கையில் தாடி, மறு கையிலும் தாடி. முகத்தோடு ஒட்டிய தாடி ஒரு கையில், அறுந்துபோன தாடி மறு கையில். ஆமாம், அவனேதான்! குழந்தை சோறு தின்னவில்லையென்றால் மஞ்சுப்பாடித் தாய்மார் பெயர் சொல்லிப் பயமுறுத்துவார்களே, அந்த ஏழு முழத் தாடியான்! யானை பிளிறினாலும் எழுந்திருக்க மாட்டான், அப்படி ஒரு தூக்கம். மூன்று தட்டுத் தட்டினால் மட்டும் எழுந்திருப்பான். அன்றைக்குத்தான் யாரும் தட்டவில்லையே. தாடி முழுவதும் பொந்தின் நீளத்துக்கு நீட்டிப் படுத்திருந்தவன், பாதியை ரம்பத்துக்குக் கொடுத்துவிட்டான்.

"இனிமேல் என்னை என்னான்னு கூப்பிடுவாங்க? மூன்றரை முழத் தாடியான்னா? என் மந்திரம் எல்லாம் தாடியிலே இருக்கு! பாதி மந்திரம் போச்சே! சொல்லுங்க, தாடி அறுந்தப்போ ரம்பத்தை இழுத்தது யாரு?"

தும்பை வாயைத் திறந்தாள். அதற்குள் குழிக்குள்ளிருந்து குரல் வந்துவிட்டது.

"நான்தான் சாமி இழுத்தேன்."

"பொய்! நான்தான் சாமி இழுத்தேன், அவர் இல்லை!" என்று தும்பை பதறினாள். தாடியான் காதில் வாங்கினால்தானே? மிச்சத் தாடியிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கினான், ஊதினான்.

"தாடியே தாடியே, தாண்டிப் பாய்! ஆளை மாற்று, பூச்சியாய்!"

குப்பென்று குழி நிறையப் புகை. தும்பை குதித்து இறங்கினாள். கோங்கனின் தலைத்துண்டு மரத்தூளின் மேலே கிடந்தது. கோங்கனைக் காணோம். "மச்சான்! மச்சான்!" என்று அவள் கத்திய கத்தலில் மேகங்கள்கூட எழுந்து தள்ளி உட்கார்ந்தன.

புகைக்குள்ளிருந்து ஒன்று பறந்து வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் பறந்து வந்தது. இரண்டும் மரத்தின் மேலே உட்கார்ந்தன.

"பாத்துக்கோ பொண்ணே" என்றான் தாடியான். "இதில் ஒண்ணு உன் புருஷன். ஒண்ணு என் வேலைக்காரன். முழுத் தாடி இருந்திருந்தா கேள்வியே கேக்காம முடிச்சிருப்பேன். பாதித் தாடி மந்திரத்துக்கு ஒரு கேள்வி வெச்சாகணும், அது எங்க குலச் சட்டம். சூரியன் அதோ அந்த யானைப்பாறைக்குப் பின்னாலே இறங்குறதுக்குள்ள சொல்லு, எது உன் புருஷன்? சொன்னதைக் கையோட ஆளாக்கித் தந்துடறேன். மற்றது எனக்கு. சொல்லலைன்னா ரெண்டுமே எனக்கு!"

தும்பை கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

முதல் பூச்சி ஒல்லிக்குச்சி. பளபளவென்று மொட்டை உடம்பு, மஞ்சளில் குங்குமம் குழைத்த நிறம், தலை மட்டும் கறுப்பு. பார்த்தால் குளவி என்று நினைப்பீர்கள், கிட்டப் போய்ப் பார்த்தால் குளவியின் ஒடுங்கிய இடுப்பு இதற்குக் கிடையாது, கழுத்து முதல் வால் வரை ஒரே அகலம். கொட்டவும் தெரியாது. சத்தமும் போடாது. ஆனால் வாலுக்கு அடியில் என்ன வைத்திருந்தது தெரியுமா? ரம்பம்! பல் வைத்த, குட்டியூண்டு ரம்பம்! ஆமாம், ரம்ப ஈ. தும்பைக்கு அதை நன்றாகவே தெரியும். அவள் ஆசையாக வைத்த கடுகுச் செடியில் போன மாதம்தான் இந்த ஜாதி ஈ இலையைக் கீறி முட்டை வைத்து, அதன் புழுக்கள் நரம்பை மட்டும் மிச்சம் விட்டு மொத்தப் பாத்தியையும் தின்று தீர்த்திருந்தன.

இரண்டாவது பூச்சி குண்டு. குண்டு என்றால் அப்படி ஒரு குண்டு! உடம்பு முழுக்கக் கம்பளி, கறுப்பில் மஞ்சள் பட்டை, பின்னங்காலில் மகரந்த மூட்டை. இந்தச் சின்னச் சிறகு அந்தப் பெரிய உடம்பை எப்படித் தூக்குகிறதோ என்று பார்க்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும். மற்றத் தேனீயெல்லாம் குளிருக்குப் பயந்து கூட்டுக்குள் கிடக்கிற பனிக்காலையிலும், குண்டு வண்டு மட்டும் உடம்பை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு பூத் தேடிக் கிளம்பிவிடும். எலி விட்டுப்போன வளைக்குள் குடும்பம் நடத்தும். நல்ல பூச்சி, ஊருக்கே செல்லம்.

"ரம்பம் இருக்கு! இதுதான் என் மச்சான்!" என்று தும்பையின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குண்டு வண்டு அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. ம்ம்ம்... என்று தொண்டைக்குள்ளேயே ஒரு முனகல். அந்த ராகமே இல்லாத ராகம்! தும்பை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சோதிச்சுப் பாக்கலாமா சாமி?"

"சோதி, சோதி! மூணு தரம் வேணும்னாலும் சோதி" என்று தாடியான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அறுந்த தாடியைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

முதல் சோதனை. தும்பை ஒரு பெரிய தேக்கிலையைப் பறித்துப் போட்டாள். "என் மச்சான்னா இதை நேரா அறு!" ரம்ப ஈ வந்து உட்கார்ந்தது, வாலை இறக்கியது, முன்னும் பின்னுமாக இழுத்தது. நூல் பிடித்த மாதிரி ஒரு நேர்கோடு! குண்டு வண்டோ இலையில் ஏறி, வழுக்கி, பொத்தென்று கீழே விழுந்தது. "ஈதான்!" என்று தும்பை துள்ளினாள்.

இரண்டாவது சோதனை. மதியத்துக்கு வைத்திருந்த தினைமாவையும் தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைத்தாள். கோங்கன் தேன்மாவு என்றால் உயிரை விடுவான். குண்டு வண்டு ஓடி வந்து விழுந்து புரண்டு, மீசை முழுக்கத் தேனோடு எழுந்தது. ரம்ப ஈ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வண்டுதான்!" என்று தும்பை துள்ளினாள். துள்ளிய வேகத்தில் நின்றாள். இதென்ன கூத்து, ஒன்றுக்கு ஒன்று எதிராக இருக்கிறதே?

மூன்றாவது சோதனை. இரண்டு கையையும் நீட்டினாள். "என் மச்சான்னா என் கிட்டே வா!" ரம்ப ஈ வந்து அவள் உள்ளங்கைக் காப்பின் மேல் உட்கார்ந்தது. ரம்பப் பிடி உரசிக் காய்த்துக் காய்த்துத் தடித்த இடம் அது. குண்டு வண்டு வந்து அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. அப்பப்பா! கன்னத்தில் கம்பளி குறுகுறுத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"என் வேலைக்காரன் பலே கெட்டிக்காரன்! எப்படி நடிக்கிறான் பாத்தியா?" என்று தாடியான் விழுந்து விழுந்து சிரித்தான். சோதனையிலேயே பொழுது போய்விட்டது, சூரியனின் கீழ் விளிம்பு யானைப்பாறையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி.

தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? தும்பையின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மனுஷன் தாடியானுக்கு வேலைக்காரனாகிக் காலமெல்லாம் கிடப்பான். அவளுக்கு எப்போது யோசனை ஓடாவிட்டாலும் கை தானாக ரம்பத்தைத் தேடும். அன்றும் அப்படித்தான். மேலே ஏறினாள், பிடியைப் பிடித்தாள், கீழே ஆள் இல்லை என்று தெரிந்தும் இழுத்தாள்.

அவள் இழுத்தாள். ம்ம்ம்... என்றது குண்டு வண்டு.

அவள் விட்டாள். குண்டு வண்டு கப்சிப். தேக்கிலைக்குப் போயிருந்த ரம்ப ஈ சர்ர்க் என்று இலையை ஓர் இழுப்பு இழுத்தது.

தும்பை நிமிர்ந்தாள். மறுபடி இழுத்தாள். வண்டு பாட, ஈ சும்மா இருந்தது. மறுபடி விட்டாள். ஈ இழுக்க, வண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாதி இழுப்பில் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தாள். இரண்டும் ஒரே நொடியில் நின்றன! அவள் இழுக்க ஒன்று, அவள் விட ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூச்சு. வேலைக்காரனுக்கு இது எப்படித் தெரியும்? இந்த உலகத்தில் அப்படி இழுக்கிறவன் ஒரே ஒருத்தன்தானே!

"சாமீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் தாடியான் மல்லாந்து விழுந்தான். "வேலைக்காரனும் இல்லை, ஒருத்தனும் இல்லை! ரெண்டுமே என் மச்சான்! கை ஈயிலே இருக்கு, பாட்டு வண்டிலே இருக்கு. பாதி மந்திரத்தாலே ஒரு ஆளை ரெண்டாப் பிளந்திருக்கீங்க!"

தாடியான் முகம் சுண்டிப் போனது. "நான் என்ன தப்பு பண்ணினேன்? காலையிலே அரைத் தூக்கத்திலே கேட்டேன். கை மட்டும் போதும், ரீங்காரம் வேணாம்னு நீதானே சொன்னே? நீ ஈன்னு சொல்லியிருந்தா கையை ஆளாக்கித் தந்திருப்பேன். நாள் பூரா இழுப்பான், ஒரு வார்த்தை பேச மாட்டான், நீ யாருன்னும் அவனுக்குத் தெரியாது. அதைத்தானே கேட்டே?"

தும்பைக்குச் சுருக்கென்று தைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேட்டது தப்புதான். தட்டாம அறுத்ததும் என் தப்பு. ரம்பத்தை இழுத்ததும் நான்தான். எனக்கு முழு ஆள் வேணும் சாமி. பாட்டோட வேணும். மந்திரத்துக்கு மாற்று என்னான்னு சொல்லுங்க."

சரியான விடை சொல்லிவிட்டால் மாற்றைச் சொல்லியாக வேண்டும், அதுவும் மந்திரவாதிகளின் குலச் சட்டம். தாடியான் பல்லைக் கடித்துக்கொண்டு பொந்தைக் காட்டினான். உள்ளே, இருட்டில், கத்திரிப்பூ நிறத்தில் கை முட்டி அளவு ஒரு மொட்டு.

"ஊமை மொட்டு. இதுக்குள்ளே இருக்கிற பொன்தூள் மேலே பட்டா எந்த மந்திரமும் கலைஞ்சிடும். ஆனா இரும்பு பட்டா மொட்டு கல்லாகிடும். மனுஷக் கை பட்டா சாம்பலாகிடும். இதழ் திறந்தாலும் தூள் கொட்டாது, காத்துக்கும் கொட்டாது, உலுக்கினாலும் கொட்டாது. சூரியன் இறங்கிட்டா மொட்டு உதிர்ந்திடும். இப்போ என்ன பண்ணுவே?" என்று மறுபடி சிரிக்கத் தொடங்கினான்.

தும்பை சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அவள் கண் மொட்டைப் பார்த்தது, ஈயைப் பார்த்தது, வண்டைப் பார்த்தது. "இரும்பு இல்லாத ரம்பம் ஒண்ணு என்கிட்டே இருக்கு சாமி!" என்றாள். "மச்சான், அறு!"

ரம்ப ஈ விர்ரென்று பொந்துக்குள் பாய்ந்தது. மொட்டின் முதுகில் உட்கார்ந்து வாலை இறக்கியது. சர்ர்க், சர்ர்க், சர்ர்க்! இதழுக்கும் இதழுக்கும் நடுவிலே, மேலே மேலே, ஒரு சொட்டுச் சாறு கசியாமல் கீறிக்கொண்டே போனது. கடுகு இலையைக் கீறிய அதே ரம்பம்தான், போன மாதம் தும்பை திட்டித் தீர்த்த அதே ஜாதி ரம்பம்தான்! தாடியான் பதறிப்போய்த் தாடியை உதறினான். உள்ளேயிருந்து ஒரு பல்லி குதித்து, நாக்கை நீட்டிக்கொண்டு பொந்தைப் பார்த்து ஓடியது. தும்பை கஞ்சிச் சட்டியைத் தூக்கிக் கவிழ்த்தாளே ஒரு கவிழ்ப்பு! பல்லி சட்டிக்குள்ளே. அவள் சட்டி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பட்! மொட்டு பிளந்தது. இதழ்கள் விரிந்தன. நடுவில் தங்கக் குழல்கள் கொத்தாக நின்றன, ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசிக்கண் அளவு துளை. தூள் உள்ளேயே இருந்தது. ஒரு துளிகூடக் கொட்டவில்லை.

"கத்திரிப் பூவிலேயும் தக்காளிப் பூவிலேயும் உன் ஜாதி ரீங்காரம் போட்டே தூளை உதிர்க்கிறதை நான் தினமும் பாக்கிறேனே! கட்டிப் பிடிச்சுக்கோ மச்சான்! பிடிச்சுக்கிட்டு அதிரப் பாடு!"

குண்டு வண்டு போய்த் தங்கக் குழல்களைக் கட்டிக்கொண்டது. தொங்கியது. ஆனால் பாடவில்லை. ம்... என்று ஒரு முனகல், அவ்வளவுதான். தூள் அசையவில்லை. சூரியன் பாறையைத் தொட்டுவிட்டது.

"பாடு மச்சான்!" அதற்கும் ஒரு முனகல்தான். சூரியன் பாதி மறைந்துவிட்டது.

தும்பைக்கு அப்போதுதான் புரிந்தது. வாயை மூடு என்று சொன்னவள் அவள். அந்தச் சொல் அந்தக் கம்பளிக்குள் இன்னும் உட்கார்ந்திருந்தது. பொந்துக்குள் தலையை விட்டாள்.

"மச்சான், காலையிலே நான் சொன்னதைத் தூக்கிப் போடு. உன் பாட்டு இல்லாம குழி வெறும் குழிதான், எனக்குப் பயமா இருக்கு. உன் ராகம் எனக்கு வேணும். கழுதை ஓடினா ஓடட்டும், ஊரே காதைப் பொத்தினா பொத்தட்டும். பாடு!" என்று சொன்னதோடு விட்டாளா? தானே பாட ஆரம்பித்துவிட்டாள். "ம்ம்ம்ம்ம்!" ஐயையோ, அவள் ராகம் கோங்கன் ராகத்தைவிட மோசம்! தாடியான் இரண்டு காதிலும் தாடியை அடைத்துக்கொண்டான்.

அப்புறம் வந்தது பாருங்கள் சத்தம்!

ம்ம்ம்ம்ம்ம்ம்ம்! குண்டு வண்டின் உடம்பு முழுக்க அதிர்ந்தது. பூ அதிர்ந்தது. பொந்து அதிர்ந்தது. வேங்கை மரம் நுனி வரைக்கும் கிடுகிடுத்தது. குழல் நுனிகளிலிருந்து புஸ்ஸென்று பீறிட்டது பொன்தூள்! ரம்ப ஈ மேலே கொட்டியது, குண்டு வண்டு மேலே கொட்டியது, பொந்துக்கு வெளியே பொங்கி வழிந்து தும்பையின் தலையில், சட்டியில், தாடியான் மூக்கில், எங்கே பார்த்தாலும் கொட்டியது. சூரியன் பாறைக்குப் பின்னால் தொபுக்கென்று இறங்கியது.

பொந்துக்குள்ளிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெரிய கால்கள், மரத்தூள் படிந்த கால்கள்.

"புள்ளே! மாட்டிக்கிட்டேன், இழு!"

தும்பை ஒரு காலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பக்கத்தில் யாரோ இன்னொரு காலைப் பிடித்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க, கோங்கன் வெளியே வந்து விழுந்தான். திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் நின்றது தாடியான். ஆனால் தாடியைக் காணோம்! பொன்தூள் பட்டு மிச்சத் தாடியும் உதிர்ந்துவிட்டது. வழவழவென்ற மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அட, மோவாயிலே காத்து படுது!" என்றான் ஆச்சரியமாக. "எத்தனை காலமாச்சு... இவ்வளவு சுகமா இருக்குமா இது? தாடியைச் சுருட்டவும் நீட்டவுமே என் ஆயுசு போச்சே." மந்திரம் போனதே என்று ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. "பசிக்குது பொண்ணே, அந்தத் தேன்மாவு மிச்சம் இருக்கா?" என்றுதான் கேட்டான். தும்பை பெரிய பங்காக எடுத்து அவனுக்குக் கொடுத்தாள். சட்டியைத் தூக்கிவிட்டாள், பல்லி தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிப்போனது.

கோங்கன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டா இருந்தப்போ ஒரே குழப்பம் புள்ளே. ஒண்ணுக்கு உன் கை தெரிஞ்சுது, முகம் தெரியலை. ஒண்ணுக்கு உன் முகம் தெரிஞ்சுது, கை தெரியலை. நீ ரம்பத்தைத் தொட்டியே, அப்போதான் ரெண்டுக்கும் தெரிஞ்சுது."

அப்புறம் என்ன? சாயங்காலம் தாண்டினால் என்ன, விடிவதற்குள்ளாவது ஊஞ்சல் பலகை அறுக்க வேண்டுமே! முதலில் தும்பை நுனிக்கட்டையை மூன்று தட்டுத் தட்டினாள். "யாரய்யா உள்ளே? எழுந்து வாங்க வெளியே! ரம்பம் வருது, ரம்பம்!" என்று கத்தினாள். ஒரு கட்டெறும்பு மட்டும் முட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. அது போகிறவரை பொறுத்திருந்து, பந்தம் கொளுத்தி அறுத்தார்கள். தாடி போன தாடியான் பந்தம் பிடித்தான்.

விடிந்தால் கல்யாணம். அரண்மனையில் இளவரசி ஊஞ்சலில் உட்கார்ந்ததுமே ஓர் அதிசயம் நடந்தது. ஊஞ்சல் முன்னே போனால் "ம்ம்ம்" என்று பாடியது, பின்னே வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டது. குண்டு வண்டு பாடிய பாட்டு மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது போலும். மாப்பிள்ளைக்கு ஒரே சிரிப்பு, சபைக்கும் ஒரே சிரிப்பு. ராஜா, பலகை கொண்டுவந்த தும்பையிடம் கதையைக் கேட்டுவிட்டு, "என்ன வேண்டும், கேள் தும்பை" என்றார்.

"மலைச்சரிவிலே ஒரு நிலம் வேணும் மகாராஜா. அதிலே நான் கத்திரியும் தக்காளியும் வெச்சுக்குவேன், குண்டு வண்டு வரும். ஓரத்திலே எலிவளை இருந்தா யாரும் மண்ணு தள்ளி மூடக் கூடாது. ஒரு பாத்தி கடுகு மட்டும் தனியா வெச்சிடுவேன், அது ரம்ப ஈக்கு."

"ரம்ப ஈக்கா? அது பயிரைத் தின்னுமே!"

"தின்னட்டும் மகாராஜா. அதுங்க ஜாதி ரம்பம் இல்லைன்னா எனக்குப் பாதிப் புருஷன்தான்."

ராஜா நிலத்தையும் கொடுத்தார், தங்கக் காப்பும் போட்டார். தாடி போன தாடியான் அந்த நிலத்துக்குக் காவல்காரனானான். காற்று வாங்கிக்கொண்டு, பகலெல்லாம் விழித்திருந்து, கத்திரிக்காயாகத் தின்று கொழுத்தான்.

தும்பையும் கோங்கனும்? இன்னும் மலையில் சத்தம் கேட்கும், காது கொடுத்துப் பாருங்கள். எப்போதாவது ஒரு நாள் கோங்கன் களைத்துப்போய்ச் சத்தமில்லாமல் இருந்துவிட்டால், மேலேயிருந்து தும்பை ரம்பத்தை நிறுத்திவிடுவாளாம்.

"என்ன மச்சான், சத்தத்தையே காணோம்? ஆள் முழுசா இருக்கியா?"

"ம்ம்ம்ம்ம்" என்று குழிக்குள்ளிருந்து பதில் வரும். கழுதைகள் காதை மடக்கும். அவள் இழுக்க அவன் விட, அவன் இழுக்க அவள் விட, சர்ர்க்... சர்ர்க்... அவர்கள் அங்கே இழுத்துக்கொண்டிருக்கட்டும், நாம் இங்கே கதையை விட்டுவிடுவோம்.